உடன்பாடும் மதிப்பும்: சொல்லில்லாத் தீர்ப்பு குறித்த ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

ஒருவர் கூறிய கருத்தைக் கேட்ட மற்றொருவர் அதுபற்றித் தீர்ப்புக் கூறுதல் இருவகையான் நிகழும். சொல்லால் கூறுதல் ஒன்று; சொல்லின்றிக் குறியால் காட்டுதல் மற்றொன்று. தலையசைத்தல், கைதட்டல், முகஞ்சுளித்தல் முதலாயின தொன்றுதொட்டு வரும் குறிகள். இவ்வரிசையில் நம் காலத்துச் சேர்ந்தது, இணைய உரையாடல் மன்றங்களில் ஒவ்வொரு கருத்தின் அருகிலும் அமைந்துள்ள வாக்குப் பொத்தான். மேல்நோக்கிய அம்பை அழுத்தின் அக்கருத்திற்கு ஓர் எண் கூடும். கீழ்நோக்கிய அம்பை அழுத்தின் ஓர் எண் குறையும். முன்னதனை மேல்வாக்கு எனவும் பின்னதனைக் கீழ்வாக்கு எனவும் இக்கட்டுரையுள் வழங்குவோம்.

இப்பொருள் பொறியியலார்க்கும் சமூகவியலார்க்கும் உரியது. தமிழாய்வார்க்கு ஈண்டு என்ன பணி என்று சிலர் வினவக்கூடும். ஒரு கூற்றின் தகுதியை எவ்வாறு அளப்பது? அளக்கத் தக்கவர் யாவர்? அளந்தபின் தாழ்ந்த கூற்றை என்ன செய்வது? இம்மூன்றும் திறனாய்வின் அடிப்படை வினாக்கள். தமிழ் இலக்கணிகளும் உரையாசிரியர்களும் இவற்றை ஆழ்ந்து எண்ணியவர்கள். திறனாய்வு என்னும் பெயரறியாமலே எண்ணிறந்த மக்கள் நாள்தோறும் திறனாய்வு செய்யும் இக்காலத்தில், அவர்தம் கருவியைத் தமிழ் மரபின் உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் பயனுடைய பணியே. அங்ஙனம் உரைக்குங்கால் மரபின் குறையும் ஓரிடத்து வெளிப்படும். அதனையும் மறையாது கூறுவோம்.

2. பொத்தானும் அதன் தொழிலும்

வாக்குக் குறி ஒரே நாளில் இன்றைய வடிவை எய்திற்றன்று. 1997இல் தோன்றிய ஸ்லாஷ்டாட் என்னும் மன்றம், பயனருள் சிலர்க்கு மட்டும் சிறிது காலத்திற்குச் சில புள்ளிகளை அளித்து, அவற்றைக்கொண்டு பிறர் கருத்துகளை உயர்த்தவும் தாழ்த்தவும் இசைந்தது. 2005இல் தோன்றிய ரெடிட் இவ்வுரிமையைப் பதிவு செய்துகொண்டார் அனைவர்க்கும் பொதுவாக்கிற்று. 2007இல் ஹேக்கர் நியூசும் 2008இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் தோன்றின. 2009இல் பேஸ்புக் விருப்பக்குறியைப் புகுத்தியது. மக்கள் 'லைக்' என வழங்குவது இதனையே. யூடியூப் தொடக்கத்தில் ஐந்து நட்சத்திர அளவை வைத்திருந்தது. மதிப்பிடுவோருள் மிகப் பெரும்பாலோர் ஐந்து நட்சத்திரமே இடுகின்றனர் என்பதை 2009இல் அந்நிறுவனமே எடுத்துக்காட்டி, 2010இல் விருப்பம், விருப்பமின்மை என்னும் இரண்டு குறிகளாக அதனைச் சுருக்கிற்று. படிநிலை ஐந்து தரினும் மக்கள் அவற்றை ஆம், அன்று என்னும் இரண்டாகவே ஆளுகின்றனர் என்பது இதனால் பெறப்படும்.

இப்பொத்தானுக்குத் தொழில் இரண்டு. அளத்தல் ஒன்று, அடுக்குதல் மற்றொன்று. மேல்வாக்கு மிகுதியும் பெற்ற கருத்து முதற்கண் நிற்கும். கீழ்வாக்கு மிகுதியும் பெற்ற கருத்து இறுதிக்கண் ஒதுங்கும். சில மன்றங்களில் அதன் எழுத்து நிறம் மங்கும். சிலவற்றில் அது சுருட்டி மறைக்கப்படும். ஆகலின் வாக்கிடுதல் ஒருவர் தம் உள்ளக் கருத்தை வெளியிடுதலோடு அமைவதில்லை. பின்வருவோர் எதனைப் படித்தல் வேண்டும், எதனைப் படியாது விடுதல் வேண்டும் என்று விதிக்கும் செயலாகவும் அது அமைகின்றது. அளத்தலும் அடுக்குதலும் ஒரே விரலசைவில் அடங்கியதே இதன் ஆற்றல். இதன் இடரும் அதுவே.

குடவோலை முறையை இதனோடு ஒப்புநோக்க எண்ணுவார் இருத்தல் கூடும். உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் கூறும் அம்முறையில், தகுதியுடையார் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்திலிடப்பட்டன. அறியாப் பாலன் ஒருவன் ஓலையை எடுத்தான். அது சீட்டெடுத்தலேயன்றி வாக்கெண்ணுதல் அன்று. தகுதி முன்னரே வரையறுக்கப்பட்டது. எஞ்சியது வாய்ப்பிற்கு விடப்பட்டது. ஆகவே இவ்வாய்விற்கு அது துணை செய்யாது. பொருத்தமான ஒப்புமை வேறிடத்துள்ளது. அதனைக் காணுமுன் பொத்தானின் பொருளை ஆய்தல் வேண்டும்.

3. பலபொருள் ஒருகுறி

கீழ்வாக்கு என்ன பொருளை உணர்த்துகின்றது? ரெடிட் தன் பயனர்க்கு வகுத்த ஒழுகலாறு, உரையாடலுக்கு ஆக்கம் தராத கருத்திற்கே கீழ்வாக்கு உரியது, உடன்படாமை ஒன்றே காரணமாக அதனை இடுதல் தகாது என்று அறிவுறுத்துகின்றது. ஹேக்கர் நியூசை நிறுவிய பால் கிரகாமோ, உடன்பாட்டையும் உடன்படாமையையும் காட்ட அம்புகளைப் பயன்படுத்துதல் ஏற்புடையதே என்று 2008இல் கூறினார். குறி ஒன்று, அதற்கு வகுத்த பொருளோ இரண்டு. ஒரு மன்றத்துள் விதி தெளிவாக இருப்பினும், அவ்விதியை நினைந்து விரலை அடக்குவார் சிலரே என்பது அம்மன்றங்களில் ஓயாது எழும் பூசல்களால் விளங்கும்.

பலபொருள் ஒருசொல்லை வினையும் இனமும் சார்பும் கொண்டு தெளிதல் வேண்டும் என்பது சொல்லிலக்கண முறை. 'மா' என்னும் சொல் மரமோ விலங்கோ என்பதைப் 'பூத்தது' என்றும் 'ஓடிற்று' என்றும் பின்வரும் வினை தெளிவிக்கும். மேல்வாக்காகிய குறிக்கு வினையுமில்லை, இனமுமில்லை, சார்புமில்லை. 'இக்கருத்தோடு உடன்படுகின்றேன்', 'உடன்படேன், எனினும் இது சிறந்த ஆய்வு', 'நகைச்சுவை நன்று', 'எழுதியவர் என் நண்பர்', 'எதிர்க்கட்சியாரைச் சாடினமையின் மகிழ்ந்தேன்' என்னும் ஐந்தும் ஓர் எண்ணாகவே பதிவாகின்றன. கூட்டுத்தொகையைக் காண்பார் அவ்வெண்ணுள் எத்தனை எப்பொருளன என்று பிரித்தறிய வழியில்லை.

எடுத்துக்காட்டொன்று காண்போம். தொல்காப்பியர் காலம் பற்றிய உரையாடலில் ஒருவர் நமக்கு உடன்பாடில்லாத காலத்தை நிறுவுகின்றார் என்க. அவர் மொழிச் சான்றுகளை முறையாக அடுக்குகின்றார். மாற்றுச் சான்றுகளையும் ஒளியாது கூறுகின்றார். மற்றொருவர் நாம் ஏற்கும் காலத்தையே கூறுகின்றார். ஆயின் சான்றொன்றும் தாராது, மாறுபட்டாரை இழித்துரைத்து முடிக்கின்றார். படிப்பவர் விரல் எதன்மேற் செல்லும்? முன்னதற்கு மதிப்பு உண்டு, உடன்பாடு இல்லை. பின்னதற்கு உடன்பாடு உண்டு, மதிப்பு இல்லை. இரண்டையும் வேறுவேறாகக் காட்டப் பொத்தானில் இடமின்மையின், பெரும்பாலோர் உடன்பாட்டையே காட்டுவர். ஆராய்ந்தவர் தாழ்வர், இழித்துரைத்தவர் உயர்வர்.

கூட்டிக் கழித்து ஓரெண்ணாகக் காட்டும் முறையிலும் இதனையொத்த மயக்கம் உண்டு. இருநூறு மேல்வாக்கும் இருநூறு கீழ்வாக்கும் பெற்ற கருத்தும், எவரும் தீண்டாத கருத்தும், எஞ்சிய எண்ணளவில் ஒன்றே. முன்னது பலர் உள்ளத்தைக் கலக்கிய கருத்து. பின்னது ஒருவரும் பொருட்படுத்தாதது. குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து மிக்கதனைக் கொள்க என்று வள்ளுவர் தெரிந்துதெளிதலுள் கூறினாரெனின், அது கூட்டிக் கழித்தலன்றோ எனலாம். அன்று. அவர் கூறியது இரண்டையும் ஒருங்கு கண்ட ஒருவர் உள்ளத்துள் நிகழும் சீர்தூக்கல். குணம் மட்டும் கண்டாரையும் குற்றம் மட்டும் கண்டாரையும் எண்ணிக் கழித்தல் சீர்தூக்கல் ஆகாது.

4. நன்னூலார் காட்டும் வேறுபாடு

உடன்பாடும் மதிப்பும் வேறு என்னும் தெளிவு தமிழ் இலக்கண மரபில் ஐயமின்றி இடம்பெற்றுள்ளது. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்துள் நூலின் இலக்கணம் கூறுங்கால் எழுவகை மதம், பத்துக் குற்றம், பத்தழகு, முப்பத்திரண்டு உத்தி என்பவற்றைத் தனித்தனியே வகுத்தார். மதமாவது, நூல் செய்வோன் கொள்கை வகையால் மேற்கொள்ளும் நிலை. குற்றமும் அழகும் கூறும் முறைபற்றியன. கொள்கை வேறு, கூறும் தகுதி வேறு என்பது இப்பகுப்பினாலேயே போதரும்.

எழுவகை மதங்களையும் உற்றுநோக்கின் மேலும் ஓர் உண்மை புலனாகும். பிறர் கொள்கைக்கு உடன்படல் முதலாவது. அதனை மறுத்தல் இரண்டாவது. முன்னர் உடன்பட்டுப் பின்னர்க் களைதல் மூன்றாவது. தான் ஒன்றை நாட்டி அதனை நிறுத்தல் நான்காவது. இருவர் மாறுபட்ட கொள்கைகளுள் ஒன்றனைத் துணிதல் ஐந்தாவது. பிறர் நூலின் குற்றம் காட்டல் ஆறாவது. பிறர் கொள்கையொடு படாது தன் கொள்கையே கொள்ளுதல் ஏழாவது. இவ்வேழனுள் பொத்தானுக்கு இயல்வன முதலிரண்டே. ஏனைய ஐந்தும் சொல்லின்றி இயலா. மறுத்தலும் குற்றங்காட்டலும் இருவேறு மதங்களாக எண்ணப்பட்டமை பெரிதும் கருதற்பாலது. கொள்கையை மறுப்பவர் குற்றங்காட்டினார் ஆகார். குற்றங்காட்டினார் கொள்கையை மறுத்தவரும் ஆகார். கீழ்வாக்கோ இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புகின்றது.

நூல் செய்வோனுக்குக் கூறிய மதங்களைக் கேட்போர்க்கு ஏற்றியுரைத்தல் பொருந்துமோ எனின், பொருந்தும். உரையாடல் மன்றத்தில் கேட்போரே அடுத்த நொடியில் கூறுவோரும் ஆகின்றனர். கூறுவோர்க்கு ஏழு நிலைகள் வாய்ப்பக் கேட்போர்க்கு இரண்டே வாய்த்தல், கேட்டலின் மதிப்பைக் குறைப்பதாகும்.

5. உருத்திரசன்மன் கதை

சொல்லில்லாத் தீர்ப்புக்குத் தமிழில் தலைசிறந்த சான்று இறையனார் களவியலுரையின் பாயிரப் பகுதியில் வரும் உருத்திரசன்மன் கதை. இதனை வரலாறாகக் கொள்ளுதல் வேண்டா; தீர்ப்பின் இயல்பு பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த எண்ணத்தைக் காட்டும் கதையாகக் கொள்ளுதலே எம் நோக்கிற்குப் போதும்.

அறுபது நூற்பாவாலாகிய களவியலுக்குச் சங்கத்தார் தனித்தனியே உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை எனத் துணிய ஒரு காரணிகனைத் தருமாறு அரசனை வேண்டினர். நாற்பத்தொன்பதின்மராகிய நுமக்கு நிகராவார் ஒருவரை யாண்டுப் பெறுவது என்று அரசன் கூற, அவர்கள் இறைவனை வேண்டினர். உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்தாண்டு நிரம்பிய மூங்கைப் பிள்ளையைக் கொணர்ந்து அமர்த்துக, மெய்யுரை கேட்குங்கால் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்ப்பான், மெய்யல்லா உரை கேட்குங்கால் வாளா இருப்பான் என்று ஒரு குரல் எழுந்தது. அவ்வாறே உரைகள் படிக்கப்பட்டன. மதுரை மருதன் இளநாகனார் உரைக்கு ஒரோவிடத்துக் கண்ணீரும் மயிர்ச்சிலிர்ப்பும் தோன்றின. நக்கீரனார் உரைக்குப் பதந்தோறும் தோன்றின. அதுவே மெய்யுரை எனத் துணிந்தனர்.

இக்கதையுள் நான்கு கூறுகள் ஆராயத்தக்கன.

முதலாவது, உரை எழுதியவர் தம்முள் வாக்கெண்ணித் தீர்க்க முற்படவில்லை. எண்ணுதற்கு நாற்பத்தொன்பதின்மர் இருந்தனர். எனினும் ஒவ்வொருவரும் தத்தம் உரையின் சார்பினராகலின் நடுவுநிலை அவர்பால் இல்லை என்பதை அவர்களே உணர்ந்தனர்.

இரண்டாவது, தீர்ப்பு நூல் முழுமைக்கும் ஒருங்கே கூறப்படவில்லை. இடந்தோறும், பதந்தோறும் கூறப்பட்டது. இளநாகனார் உரை முற்றும் தள்ளப்படாது, சிலவிடங்களில் மெய்யெனக் காட்டப்பட்டது. நெடிய கட்டுரை ஒன்றிற்கு ஒரேயொரு குறியிடும் இக்காலத்து வழக்கு இந்நுட்பத்தை இழந்துவிட்டது.

மூன்றாவது, அப்பிள்ளையிடம் மேற்குறி உண்டு, கீழ்க்குறி இல்லை. மெய்யல்லா உரைக்கு அவன் முகஞ்சுளித்தான் எனக் கதை கூறவில்லை. வாளா இருந்தான் என்றே கூறுகின்றது. தகுதியில்லாததைத் தண்டிக்க வேண்டுவதில்லை, தகுதியுடையதை அறிந்தாற் போதும் என்னும் கருத்து இதனுள் உறைகின்றது.

நான்காவது, அவன் காட்டிய குறி மெய்ப்பாடு. கண்ணீரும் மயிர்ச்சிலிர்ப்பும் ஒருவர் வேண்டிச் செய்வன அல்ல. உள்ளத்து நிகழ்ச்சி உடம்பின்கண் தானே புலப்படுதலாம். விரலால் பொத்தானை அழுத்துதலோ வேண்டிச் செய்யும் வினை. வேண்டிச் செய்வது வேண்டாமலும் விடப்படலாம். பிறிதொரு பயன் கருதியும் செய்யப்படலாம். ஒருவரைத் தாழ்த்தும் நோக்கத்தோடு பலர் கூடிக் கீழ்வாக்கிடுதல் நிகழ்கின்றது. இத்தகைய தாக்குதலைக் குறைத்தற்பொருட்டே யூடியூப் 2021 நவம்பரில் விருப்பமின்மை எண்ணிக்கையைப் பொதுமக்கள் பார்வையினின்றும் நீக்கிற்று. மெய்ப்பாடு படையாகாது; வாக்கு படையாகும்.

பேஸ்புக் 2016இல் விருப்பக்குறியோடு ஐந்து முகக்குறிகளைச் சேர்த்தது. இறப்புச் செய்திக்கு விருப்பக்குறி இடுதல் எவ்வாறு என்று மக்கள் தயங்கிய தயக்கம் அதனால் ஓரளவு நீங்கிற்று. அன்பு, சிரிப்பு, வியப்பு, வருத்தம், சினம் என்னும் அவ்வைந்தும் தொல்காப்பியர் கூறிய எண்வகை மெய்ப்பாட்டுள் உவகை, நகை, மருட்கை, அழுகை, வெகுளி என்பவற்றோடு ஒருபுடை ஒத்திருத்தல் நோக்குவார்க்கு வியப்பளிக்கும். ஆயின் ஒப்புமை பெயரளவினதே. சிரிப்புக்குறியை எள்ளற் பொருட்டு இடுவார் பலராகலின், ஆண்டும் குறிக்கும் உள்ளத்திற்கும் இடையே வேண்டிச் செய்தல் என்னும் திரை கிடக்கின்றது.

6. முன்னவர் குறி பின்னவரைப் பிணித்தல்

உருத்திரசன்மனுக்கு முன் வேறெவரும் தீர்ப்பளிக்கவில்லை. ஆகவே அவன் எவரையும் பின்பற்றவில்லை. வாக்குப் பொத்தானின் நிலை வேறு. பின்வருவோர் கருத்தைப் படிக்குமுன்னரே முன்னவர் இட்ட எண் கண்ணிற்படும். இவ்வெண் தீர்ப்பை வளைக்குமா என்பதை லெவ் முச்னிக், சினான் அரால், ஷான் டெய்லர் ஆகிய மூவரும் ஆராய்ந்து, 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். செய்தி மன்றம் ஒன்றில் 1,01,281 கருத்துரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றுட் சிலவற்றிற்குத் தற்செயல் முறையில் ஒரு மேல்வாக்கும் சிலவற்றிற்கு ஒரு கீழ்வாக்கும் தாமே இட்டனர். பொய்யாக இட்ட அவ்வொரு மேல்வாக்கு, முதலில் படித்தவரும் மேல்வாக்கிடும் வாய்ப்பை 32 விழுக்காடு உயர்த்தியது. இறுதி மதிப்பைச் சராசரி 25 விழுக்காடு உயர்த்தியது. பொய்யான கீழ்வாக்கோ பின்வந்தோரால் பெரிதும் திருத்தப்பட்டது. அரசியல், பண்பாடும் சமூகமும், வணிகம் ஆகிய பொருள்களில் இப்பின்பற்றுதல் தெளிவாகத் தோன்றிற்று. தகவல் தொழில்நுட்பம் முதலியவற்றில் தோன்றவில்லை. சார்புணர்ச்சி மிக்க பொருளில் பின்பற்றுதலும் மிகும் என்று இதற்கு யாம் பொருள் கொள்கின்றோம்.

இதற்கு முன்னர், 2006இல் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும் இதனை வலியுறுத்தும். அது வாக்குப் பற்றியதன்று. பாடல்களைத் தேர்ந்து பதிவிறக்குதல் பற்றியது. முன்பின் கேட்டறியாத 48 பாடல்களை 14,341 பேர்க்கு அளித்து, அவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்தனர். முன்னவர் எத்தனை முறை பதிவிறக்கினர் என்னும் எண்ணைக் கண்ட குழுக்களில் ஏற்றத்தாழ்வு மிகுந்தது. குழுவுக்குக் குழு வென்ற பாடலும் வேறுபட்டது. மிகச் சிறந்த பாடல் பெரும்பாலும் வீழவில்லை. மிக இழிந்தது பெரும்பாலும் உயரவில்லை. இடைப்பட்டவற்றின் நிலையோ முன்னறியக் கூடாததாயிற்று. ஒரு மன்றத்தின் கருத்துகளுள் பெரும்பகுதி இடைப்பட்டனவே ஆகலின், அவற்றின் உயர்வு தாழ்வை எண்கொண்டு துணிதல் எத்துணை ஐயத்திற்கு இடமானது என்பது விளங்கும்.

கீழ்வாக்குப் பெற்றவர் திருந்துவர் என்னும் நம்பிக்கையும் ஆராயப்பட்டது. ஜஸ்டின் செங் முதலியோர் நான்கு செய்தித் தளங்களின் கருத்துரைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, கீழ்வாக்குப் பெற்றவர் முன்னினும் மிகுதியாக எழுதினர். அவ்வெழுத்து முன்னினும் தாழ்ந்தது. பிறர்க்கும் அவர் கீழ்வாக்கே மிகுதியாக இட்டனர். காரணம் கூறாத தண்டனை திருத்தமாட்டாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. எழுதினவர்க்குத் தாம் தாழ்ந்தமை மட்டும் தெரியும். தாழ்ந்தமைக்குக் காரணம் குன்றக் கூறலோ, மாறுகொளக் கூறலோ, உண்மையைக் கூறினமையோ என்பது தெரியாது.

7. தாழ்ந்த கருத்தின் நிலை

தோற்ற கருத்தை என்ன செய்வது என்பது எஞ்சிய வினா. நம் உரையாசிரியர் இதற்கு அளித்த விடை, மறுக்கப்படும் கருத்தை முதற்கண் எடுத்துரைத்துப் பின்னரே மறுத்தல் என்பது. 'என்பாரும் உளர்' என்னும் தொடர் நம் உரைகளுள் பெருவழக்கிற்று. சேனாவரையர் இளம்பூரணரை உரையாசிரியர் என்று சுட்டி, அவர் கருத்தைக் கூறி, அது பொருந்தாமைக்குக் காரணமும் காட்டிச் செல்வர். படிப்பார் இருவர் கருத்தையும் அறிந்து, சேனாவரையர்க்கு மாறாக இளம்பூரணர் கருத்தையே கொள்ளவும் இடமுண்டு. மறுப்பு ஒரு கருத்தைக் கொல்லாது, மாறாகக் காத்துக் கொடுக்கின்றது. பொத்தான் முறையில் தாழ்ந்த கருத்து காரணமும் கூறப்படாது, கண்ணிற்கும் படாது ஒழிகின்றது.

இவ்விடத்து நம் மரபின் குறையையும் கூறுதல் முறை. திருக்குறளுக்கு உரை கண்டார் பதின்மர் என்பர். அவருள் மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதியார், காலிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவர் உரையே நமக்குக் கிடைத்தன. தருமர், தாமத்தர், நச்சர், திருமலையர், மல்லர் ஆகியோர் உரைகள் கிடைத்தில. பரிமேலழகர் உரை பெற்ற பெருமதிப்பு, ஏனைய உரைகளைப் படியெடுப்பார் குறைதற்கு ஒரு காரணமாயிற்று எனக் கருதுதல் தவறாகாது. ஏட்டுச்சுவடிக் காலத்தில் படியெடுத்தலே மேல்வாக்கு. படியெடாது விடுதலே கீழ்வாக்கு. மணக்குடவர் உரையின் அறத்துப்பாலை 1917இல் வ. உ. சிதம்பரனார் பதிப்பித்தார். அப்பதிப்பு, கற்றோர் வழக்கில் பின்தங்கிய உரை ஒன்றை மீண்டும் அவையேற்றிய செயல். ஆகவே மிகுதியான மதிப்பு ஏனையவற்றை மறைத்தல் பொத்தானோடு தோன்றிய புதுநோய் அன்று. நூற்றாண்டுகளில் நிகழ்ந்தது இன்று நாழிகையில் நிகழ்கின்றது என்பதே வேறுபாடு. மறைந்ததைத் தேடிப் பதிப்பிப்பார் இணையக் கருத்துகளுக்கு வாய்ப்பரோ என்பது ஐயமே.

8. திருத்த முயற்சிகள்

மன்றங்களை அமைத்தோர் இக்குறைகளை உணராதவர் அல்லர். அவர் மேற்கொண்ட திருத்தங்கள் நம் இலக்கணிகள் கண்ட வேறுபாடுகளை அறியாமலே அணுகுவன என்பதை ஈண்டுச் சுட்டுதல் வேண்டும்.

ஸ்லாஷ்டாட் வெற்றெண்ணோடு அமையாது, எண்ணுக்குரிய காரணத்தையும் ஒரு சொல்லால் குறிக்கச் செய்தது. நுண்ணறிவுடையது, செய்தி தருவது, நகையுடையது என்பன உயர்த்தும் சொற்கள். பொருளொடு பொருந்தாதது, கூறியதையே கூறுவது, பூசல் விளைப்பது என்பன தாழ்த்தும் சொற்கள். இவற்றுள் முன்னிரண்டும் நன்னூலார் கூறிய மற்றொன்று விரித்தல், கூறியது கூறல் என்னும் குற்றங்களே அன்றோ? 'உடன்படேன்' என்பதற்கு அப்பட்டியலில் இடமில்லாமை கருதத்தக்கது. மேலும், ஓர் உரையாடலில் தாமே கருத்துரைத்தவர் அவ்வுரையாடலில் பிறரை மதிப்பிட்டிருப்பின், அம்மதிப்பீடு நீங்கிவிடும். சார்புடையார் காரணிகர் ஆகார் என்று சங்கத்தார் உணர்ந்ததாகக் கதை கூறும் நெறியே இது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, ஒருவர் விடைக்குக் கீழ்வாக்கிடுவார் தம் மதிப்புப் புள்ளியில் ஒன்றை இழக்குமாறு விதித்தது. தாழ்த்துவார் தாமும் சிறிது இழத்தல் வேண்டும் என்னும் இவ்விதி, எளிதிற் பிறரைப் பழித்தலைத் தடுப்பது. லெஸ்ராங் என்னும் மன்றம் 2022இல் கருத்துரைகளுக்கு இருவேறு வாக்குகளை ஏற்படுத்திற்று. கருத்தின் தகுதிக்கு ஒன்று. அதனோடு உடன்படுதற்கு மற்றொன்று. 'உடன்படேன், எனினும் மதிக்கின்றேன்' என்று சொல்லின்றியே காட்ட இதனால் இயலும். யாம் மேலே கூறிய இரு குறைகளுள் மயக்கம் இதனால் பெரிதும் நீங்கும், காரணமின்மை நீங்காது.

9. முடிபு

பொத்தானை முற்றும் பழித்தல் எம் கருத்தன்று. எழுதும் ஆற்றலோ நேரமோ வாய்க்காத எண்ணிறந்த படிப்பாளர்க்கு அது ஒரு வாய் தந்தது. காரணம் கூற இயலாமை சுவையறியாமை ஆகாது என்பதை மூங்கைப் பிள்ளையைக் காரணிகனாக்கிய கதையே வற்புறுத்தும். ஆயினும் அக்கதையில் சொல்லில்லாத் தீர்ப்போடு செய்தி முடியவில்லை. பிள்ளை தேர்ந்த உரை நக்கீரனாரால் தம் மகன் கீரங்கொற்றனார்க்கு உரைக்கப்பட்டு, வழிவழியாக வந்தது எனப் பாயிரம் கூறுகின்றது. வினாவும் விடையுமாக, தடையும் விடையுமாக அமைந்த அவ்வுரையே இன்று நம் கையில் உள்ளது. குறி தேர்ந்தது, சொல் வாழ்ந்தது.

இதுகாறும் கூறியவாற்றான், வாக்குப் பொத்தான் உடன்பாட்டையும் மதிப்பையும் ஒன்றாக்கும் பலபொருள் ஒருகுறி என்பதும், எழுவகை மதங்களுள் இரண்டற்கே அது இடந்தருகின்றது என்பதும், வேண்டிச் செய்யப்படுதலின் மெய்ப்பாட்டின் நம்பகம் அதற்கு இல்லை என்பதும், தாழ்ந்த கருத்தைக் காரணம் கூறாது மறைத்தலே அதன் பெருங்குறை என்பதும் பெறப்பட்டன.

ஆய்வு மாணவர்க்கு இதனாற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஒரு கட்டுரை எத்தனை முறை மேற்கோளாக ஆளப்பட்டது என்று எண்ணி அதன் தகுதியைத் துணியும் வழக்கம் பல்கலைக்கழகங்களிலும் பெருகி வருகின்றது. மேற்கோளும் உடன்படற்கும் ஆளப்படும், மறுத்தற்கும் ஆளப்படும், எண்ணோ இரண்டிற்கும் ஒன்றே. உடன்படாத நூலையும் முற்றக் கற்று, அதன் கருத்தை அதன் ஆசிரியரே ஒப்பும் வகையில் எடுத்துரைத்து, அதன்பின் மறுக்கும் பழக்கம் நம் உரையாசிரியர் நமக்கு விட்டுச் சென்ற உரிமைப்பொருள். எண்ணைக் கண்டு நூலைத் தள்ளும் நாள் வருமாயின் அவ்வுரிமையை நாம் இழந்தவராவோம். தள்ளப்பட்ட கருத்தும் தள்ளியதற்குக் காரணமும் அருகருகே நிற்கும் பக்கமே ஆராய்ச்சிப் பக்கம் எனப்படும்.